லாரிக்குத் தேர்ந்த தக்காளி

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு இறங்கும் சாலை, மைசூர் மேட்டுநிலத்தையும் பாராமகால் சமவெளியையும் இணைத்த பழைய வழிகளுள் ஒன்று. அந்த வழியைக் காத்து நின்ற ராயக்கோட்டையை 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதும் திப்புவின் கையைவிட்டுப் போனது. படைகள் போன வழியில் இன்று போவது தக்காளி. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் ஏலம் முடிந்து கிரேடு பெட்டிகளில் அடுக்கப்படும் பழம், மேலே பெங்களூருக்கும் கீழே சேலம், சென்னை, கேரளம் வரைக்கும் பயணப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் தக்காளி இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது. ஆனால் இந்தப் பழம் ஏன் கெட்டியாக, ஒரே சிவப்பாக, புளிப்பும் இனிப்பும் குறைந்து இருக்கிறது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ரசாயன உரம். அந்தப் பதில் பாதிதான் சரி. இந்த எல்லைப் பகுதியில் தக்காளியின் தரத்தை முடிவு செய்தது, விதையை யார், எந்த வயலில், யாருடைய தேவைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே. அதனால் உரத்தையும் மருந்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளும் இயற்கை வேளாண்மை, சுவையைப் பொறுத்தவரை பாதித் தூரம்தான் போய்ச் சேரும். மீதித் தூரத்துக்கு, திறந்தவெளியில், இயற்கை முறையில் நடக்கும் வயலிலேயே விதையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தக்காளி இந்த மண்ணுக்குப் புதிது. பாராமகால் கம்பெனி வசம் வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். அந்தக் காலத்து மேட்டுநிலம் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைந்த மானாவாரி நிலம். தக்காளி ஐரோப்பியர்களின் தோட்டத்துக் காய்கறியாக வந்து, அவர்கள் குடியிருந்த இடங்களைச் சுற்றியே முதலில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் வாட் தொகுத்த இந்தியப் பொருளியல் விளைபொருள் அகராதியிலும், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்காகவே பயிராகிறது, இந்தியர்கள் இப்போதுதான் அதை விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற பதிவுதான் இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பெரிய குடியிருப்பு பெங்களூர் கன்டோன்மென்ட். அங்கிருந்த ராணுவத்துக்கும் அதிகாரிகளுக்கும் தேவைப்பட்ட சீமைக் காய்கறிகளால் நகரைச் சுற்றி ஒரு தோட்ட வளையம் உருவானது. லால்பாக் தோட்டம் அதற்கு விதையும் நாற்றும் கொடுத்தது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். எனவே இந்தப் பகுதியின் காய்கறி வரலாறு தொடக்கத்திலிருந்தே வடக்குப் பக்கம் சாய்ந்திருந்ததில் வியப்பில்லை.

அந்தச் சாய்வு 1960களில் நிலைப்பட்டது. மன்மோகன் அத்தாவர் 1965இல் பெங்களூரில் இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1967இல் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாகி, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் நிலைகொண்டது. 1973இல் அத்தாவரின் நிறுவனம் ‘கர்நாடகா’ என்ற தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஒட்டு ரகத் தக்காளி என்று அதைச் சொல்வார்கள். பின்னால் ரஷ்மி, ரூபாலி, வைஷாலி, நவீன் என்று வரிசையாக ஒட்டு ரகங்கள் வந்தன. சென்னையின் கோயம்பேடு மார்க்கெட் விலைப்பட்டியலில் ‘நாட்டுத் தக்காளி’, ‘நவீன் தக்காளி’ என்று இன்றும் இரண்டு வரிகள் இருப்பது அந்த வரிசையின் எச்சம். வீடுகளில் ‘பெங்களூர் தக்காளி’ என்று சொல்வதும் நவீனைத்தான். தமிழ்நாட்டின் வேளாண் ஆராய்ச்சித் தலைமையிடமான கோயம்புத்தூர் ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். காலை பஸ் ஏறி மதியத்துக்குள் விதையோடு ஊர் திரும்பும் தூரத்தில் பெங்களூரு இருக்கும்போது, விவசாயி எங்கே போவார் என்பதில் சந்தேகம் இல்லை. விதை, பூச்சிமருந்து, விலைத் தகவல், வாங்குபவர் என எல்லாம் ஒரே ஊரிலிருந்து வந்தன. மாநில எல்லை வரைபடத்தில் இருந்தது, விதைக்கு இல்லை.

இதற்கு இணையாகத் தமிழ்நாட்டில் ஒரு பொதுத்துறைத் தேர்வு மரபும் நடந்துகொண்டிருந்தது. இன்று நாட்டு ரகம் என்று விற்கும் விதைகளில் முக்கியமானது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் செயற்கையாகச் சடுதிமாற்றத்தைத் தூண்டி எடுத்தது அது. தட்டையான உருண்டை, காம்பை ஒட்டிய தோள்பட்டையில் பச்சை, தொலைதூரம் கொண்டுபோகத் தாங்கும் தோல் என்பவை பல்கலைக்கழகம் அதற்குக் கொடுத்த அடையாளங்கள். கோ 3 என்ற மருதம் ரகமும் கோ 1 ரகத்தைச் சடுதிமாற்றத்துக்கு உட்படுத்தி எடுத்ததே. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பையூரில் இயங்கும் மண்டல ஆராய்ச்சி நிலையம், பூசா ரூபியையும் கோ 3ஐயும் கலந்து பையூர் 1 என்ற ரகத்தை வெளியிட்டது. மானாவாரிக்கு ஏற்றது என்பது அதன் சிறப்பு. பூசா ரூபியின் பெற்றோரில் ஒன்று சியூ என்ற அமெரிக்க ரகம், மற்றொன்று மீரட் பக்கத்து ரகம். ஆக, கிருஷ்ணகிரி மண்ணுக்கென்றே உருவான ஒரே பொதுத்துறைத் தக்காளி என்று சொல்லத்தக்க ரகத்தில் அமெரிக்காவும் மீரட்டும் கோயம்புத்தூர் ஆய்வகமும் கலந்திருக்கின்றன. நாட்டு ரகம் என்றால் ஆராய்ச்சியாளர் கை படாதது என்ற நினைப்பு தக்காளிக்குப் பொருந்தாது. நாட்டுத் தக்காளிக்கும் பெங்களூர்த் தக்காளிக்கும் உள்ள வேறுபாடு எந்தக் குணங்களைத் தேடினார்கள், எவற்றைக் கைவிட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.

எதைக் கைவிட்டார்கள் என்பதைப் பழத்தை அறுத்தாலே பார்க்கலாம். நாட்டுத் தக்காளியின் உள்ளே அறைகள் பல. ஒவ்வொன்றிலும் விதையைச் சூழ்ந்து கூழ் நிறைந்திருக்கும். நீள்வட்டமான ஒட்டு ரகத்தில் அறை இரண்டோ மூன்றோதான். சுவர் தடித்தது, கூழ் குறைவு. சுவர் தடித்தால் கிரேடின் அடியில் இருக்கும் பழம் மேலுள்ள எடையைத் தாங்கும். ஆனால் தக்காளியின் புளிப்பு பெரும்பாலும் கூழில்தான் இருக்கிறது. சமையலில் தக்காளி தரும் ஆழ்ந்த ருசிக்குக் காரணமான குளுட்டாமிக் அமிலமும் சதையைவிடக் கூழில்தான் அதிகம் என்று ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் அளந்து காட்டினார்கள். ரசத்துக்கு நாட்டுத் தக்காளி என்று பிடிவாதம் பிடிக்கும் சமையற்காரர்கள் சொல்வது வெறும் பழமைப் பற்று இல்லை. பச்சைத் தோள்பட்டைக்கும் இதே கதை. பழம் எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் சிவக்க வேண்டும் என்று உலகெங்கும் தேர்ந்தெடுத்த ஒரு மரபணு மாற்றம், காயில் பசுங்கணிகங்கள் உருவாவதைக் குறைத்து, அதன்வழி பழத்தில் சேரும் சர்க்கரையையும் குறைக்கிறது என்பதை 2012இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு விளக்கியது. பழக்கடைக்காரர் குறை என்று ஒதுக்கும் பச்சை, இனிப்பின் கணக்கில் வரவு. 2017இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயும் சீன ஆய்வாளர்களும் 398 ரகங்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு, நவீன வணிக ரகங்களில் மணத்துக்குரிய பல வேதிப்பொருள்கள் பழைய ரகங்களைவிடக் குறைவு என்று காட்டினார்கள். பெரிய பழத்தைத் தேடித் தேடிச் சர்க்கரையை இழந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது. அந்தப் பொருள்களை யாரும் வேண்டாம் என்று நீக்கவில்லை. யாரும் பார்க்காததால் தலைமுறை தலைமுறையாக அவை நழுவிப்போயின.

ஓசூரில் அந்தச் சுவைக் குணங்களைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதற்குத் தொழிற்பேட்டைக்கும் பங்கு உண்டு. 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் நிலம் எடுத்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகளும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. அதோடு நல்ல சாலையும், கூலியாட்களுக்கு வயலைவிட நிலையான வேலையும் வந்தன. தக்காளி ஆள்பலத்தைக் கேட்கும் பயிர். குச்சி நட்டுக் கொடி கட்ட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். ஆள் கிடைப்பது நிச்சயமில்லாத ஊரில், இரண்டு நாள் தாமதமானாலும் செடியிலேயே தாங்கி நிற்கும் காய்தான் பிழைக்கும். செங்காயாகப் பறித்து ஏற்றினால் வழியிலேயே சிவக்கும் பழத்தைத்தான் வியாபாரி கேட்பார். ஓசூர் ஆலையில் லாரி உருவான காலத்தில், சுற்றுவட்டார வயலில் லாரிக்கு ஏற்ற பழமும் வேரூன்றியது. இதை யாருடைய சதியாகவும் பார்க்க வேண்டியதில்லை. கூலியும் சாலையும் சேர்ந்து ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தன. விதை நிறுவனங்கள் அந்தத் தேர்வைச் சரியாகப் படித்துக்கொண்டன.

2004 முதல் 2007 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடந்த துல்லியப் பண்ணையத் திட்டம் இந்தப் பாதையை அரசு முத்திரையோடு உறுதிப்படுத்தியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் நடத்திய அந்தத் திட்டத்தில் சொட்டுநீர்க் குழாய், நீரில் கரையும் உரம், குழித்தட்டு நாற்று, ஒட்டு ரக விதை எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. முதல் ஆண்டில் விவசாயிக்கு முழு மானியம். அடுத்தடுத்த ஆண்டுகளில் சற்றுக் குறைவு. திட்டத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. தண்ணீர் மிச்சமானது, மகசூல் கூடியது, விவசாயிகள் சங்கமாகக் கூடி வியாபாரிகளோடு நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். குழித்தட்டு நாற்றங்கால் தனித் தொழிலாக இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. ஆனால் அந்தத் தொகுப்புக்கு ஒரு விளைவும் உண்டு. நாற்றை விலைக்கு வாங்கும் விவசாயிக்கு விதையோடு இருந்த உறவு முடிந்துபோகிறது. எந்த ரகம் என்பதை நாற்றங்கால்காரரும் மண்டிக்காரரும் பேசி முடிவு செய்கிறார்கள். தினமும் சொட்டுச் சொட்டாக உரம் குடித்து வளரும் செடியில் நன்றாகக் காய்க்கும் ரகமே ‘நல்ல ரகம்’ என்று பெயர் வாங்குகிறது. மழையை நம்பிய நிலத்துக்கென்று உருவான பையூர் 1, தான் பிறந்த மாவட்டத்திலேயே ஓரம் கட்டப்பட்டதற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

விதையை விவசாயியின் கையிலிருந்து எடுத்ததில் நோய்க்கும் பெரும் பங்கு உண்டு. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் வெயில் காலத்துத் தக்காளியை முழுவதுமாகவே அழிக்கவல்லது. 1999இல், கிருஷ்ணகிரியை ஒட்டிய கோலார் மாவட்டத்தில், அதுவரை இந்தியாவில் காணாத ‘பி’ வகை வெள்ளை ஈ பெருகி அந்த நோயைக் கொள்ளைநோயாக்கியது. அந்த நெருக்கடியில் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் வி. முனியப்பாவும், பிரிட்டனின் இயற்கை வள நிறுவனம், தைவானில் உள்ள ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகளும் சேர்ந்து சங்கராந்தி, நந்தி, வைபவ் என்ற மூன்று ரகங்களை உருவாக்கினார்கள். 2003ஐ ஒட்டி வெளிவந்த இந்த மூன்றும் ஒட்டு ரகங்கள் அல்ல. விவசாயி விதை எடுத்து மறுபடி விதைக்கத்தக்கவை. வைரஸை எதிர்க்கும் ரகம் என்றால் ஒட்டு ரகம்தான், ஒவ்வொரு பருவமும் பாக்கெட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. இன்று உலகெங்கும் தக்காளி ரகங்களில் பயன்படும் டி.ஒய்.-2 என்ற எதிர்ப்பு மரபணு, ஹரியானாவின் ஹிசார் பல்கலைக்கழகத்தில் காட்டுத் தக்காளியிலிருந்து எடுத்துச் சேர்த்த எச்-24 என்ற பொதுத்துறை ரகத்திலிருந்துதான் பரவியது. ஆயினும் இந்த எதிர்ப்பெல்லாம் கடைசியில் தனியார் ஒட்டு ரகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. 2010களில் ஹெசரகட்டா நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும் சிறந்த ஒட்டு ரகம். அதைப் பற்றிய செய்திகளில் தலைப்பாக வந்தது செடிக்கு 18, 19 கிலோ என்ற எடை. சுவையைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த வரலாற்றின் மேல்தான் இயற்கை வேளாண்மை வந்து அமர்ந்திருக்கிறது. மத்திய அரசின் இயற்கை உற்பத்தித் தரச்சான்றுத் திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. தமிழ்நாடு அரசு 2023இல் தன் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. தளி வட்டாரத்தில் 1990களிலேயே வனஜா ராம்பிரசாத் தொடங்கிய கிரீன் பவுண்டேஷன், பெண்கள் வழியாகக் கேழ்வரகு, சிறுதானிய விதைகளைச் சேர்த்து விதை வங்கிகளை உருவாக்கியது. எனவே விதைச் சேமிப்பு இந்த ஊருக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் அந்த அக்கறை கேழ்வரகுக்குக் கிடைத்த அளவுக்குத் தக்காளிக்குக் கிடைக்கவில்லை. வந்தேறிப் பயிரைப் பாரம்பரியம் என்று யாரும் நினைக்காததே காரணமாக இருக்கலாம். சான்றிதழ் விதிகளும் இயற்கை முறையில் விளைந்த விதை கிடைக்காவிட்டால் மருந்து கலக்காத சாதாரண விதையை அனுமதிக்கின்றன. நடைமுறையில் அந்த விலக்கே விதியாகிவிடுகிறது. ஐரோப்பாவிலும் நிலைமை வேறு அல்ல: இயற்கை வேளாண் உற்பத்தியில் 95 விழுக்காட்டுக்கு மேல் ரசாயன வேளாண்மைக்காகத் தேர்ந்த ரகங்களிலிருந்தே வருகிறது என்று டச்சு ஆய்வாளர் எடித் லாம்மர்ட்ஸ் வான் பூரன் குழுவினர் 2011இல் மதிப்பிட்டனர். உரத்தை உடனுக்குடன் உறிஞ்சி வாழப் பழகிய செடியிடம், தொழுவுரம் மக்கி மெதுவாகத் தரும் சத்தைத் தேடி வேரை விரிக்கச் சொல்கிறோம். மருந்துத் திரைக்குள் தேர்ந்த இலையை மருந்தில்லா வயலில் நிறுத்துகிறோம். அது தடுமாறினால் ‘இயற்கை முறையில் தக்காளி வராது’ என்று முடிவு கட்டுகிறோம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சுவை மண்ணிலும் வெயிலிலும் தண்ணீரின் அளவிலும்தானே இருக்கிறது, எந்த ரகத்தையும் இயற்கை முறையில் வளர்த்தால் நன்றாக வராதா என்று கேட்பார்கள். சான்றும் இருக்கிறது. பிரேசிலில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இயற்கை முறைத் தக்காளியில் கரையும் திடப்பொருள் 57 விழுக்காடும் வைட்டமின் சி 55 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. ஆனால் அதே ஆய்வில் பழத்தின் எடை 40 விழுக்காடு குறைந்திருந்தது. செடி பட்ட நெருக்கடியே பழத்தைச் செறிவாக்கியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கிலோக் கணக்கில் விற்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு கட்டாது. தக்காளியில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர்தான். தண்ணீரைக் குறைத்தால் செறிவு கூடுவது எந்த ரகத்திலும் நடக்கும். கூழின் அளவையும், பச்சைத் தோளையும், மணத்துக்குரிய வேதிப்பொருள்களையும் மண் உண்டாக்க முடியாது. விதையில் இருப்பதை வெளிக்கொண்டுவரத்தான் முடியும். பழம் பாதியாகச் சிறுக்காமல், குறைந்த சத்திலும் செறிவைத் தரும் செடி வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்துத்தான் உருவாக்க வேண்டும். இந்த மறுப்பு, ஆழ்ந்து பார்த்தால், விதைத் தேர்வின் தேவையையே காட்டுகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு எளிமையானது: நாட்டு ரகத்துக்குத் திரும்பினால் போதாதா? போதாது. பி.கே.எம். 1 வெளிவந்த காலத்தில் ‘பி’ வகை வெள்ளை ஈ இங்கே இல்லை. 2009-10ஐ ஒட்டித் தென்னிந்தியாவின் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கிய புதிய பின்கருகல் பூசண வகையும் இல்லை. 2014இல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டு விரைவில் தெற்கே இறங்கிய ஊசிப்புழுவும் இல்லை. 40 ஆண்டுக்கு முந்தைய விதையை அப்படியே இன்றைய வயலில் விட்டால், மாசி, பங்குனி வெயிலில் இலைச்சுருட்டுக்கும், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கருகலுக்கும் அது பலியாகும். பழைய ரகங்களின் பெருமை அவற்றின் பழத்தில் இருக்கிறது, செடியில் இல்லை. பழத்தின் குணத்தை எடுத்து, நோய் தாங்கும் செடியோடு சேர்ப்பதே செய்யத்தக்க வேலை.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. மண்டியில் சுவைக்கு விலை இல்லை. நாட்டுத் தக்காளியையும் நவீனையும் தனித்தனியாகப் பட்டியலிடும் கோயம்பேட்டிலும் பெரும்பாலும் நவீனுக்கே கூடுதல் விலை. காரணம், அது கடையில் நாலு நாள் கூட நிற்கும். 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. வேறொரு பருவத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டுவதும் இதே ஊர்களில்தான். இவ்வளவு ஆடும் சந்தையில், கெடாமல் இரண்டு நாள் தாங்குவதும் தரத்தின் ஒரு பகுதியே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோயம்பேட்டுக்கு வேண்டிய தோல், 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு வேண்டியதில்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும், இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலை தரத் தயங்காத குடும்பங்கள் நிறைந்த நகரம் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் பறித்த முழுப்பழம் மாலைக்குள் சமையலறைக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் வேறெந்தத் தக்காளிப் பகுதிக்கும் வாய்க்காத இந்த அருகாமையை வைத்துக்கொண்டு, இந்த மாவட்டம் மிகத் தொலைவான சந்தைக்கு ஏற்ற பழத்தையே எல்லாருக்கும் விளைவிக்கிறது. பழம் முழுவதும் லாரிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பங்கு நாக்குக்காகத் தேர்ந்ததாக இருக்க இங்கே பொருளாதாரம் இடம் தருகிறது.

இது நடக்கக்கூடியதுதானா என்றால், நடந்த இடம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெர்ண்ட் ஹோர்னபுர்க் 2003இல் தொடங்கிய இயற்கைத் திறந்தவெளித் தக்காளித் திட்டம், கண்ணாடிக்கூடம் இல்லாமல், மழையிலும் பின்கருகலிலும் நின்று காய்க்கும் சுவையான ரகங்களைத் தேடியது. தேர்வு ஆய்வு நிலையத்தோடு நிற்கவில்லை. பல ஊர்களின் இயற்கைப் பண்ணைகளிலும் தோட்டங்களிலும் பங்கேற்பாளர்களோடு சேர்ந்து நடந்தது. கலப்பின் இரண்டாம் தலைமுறையிலேயே வயலில் தனிச்செடிகளைத் தேர்ந்தெடுப்பது நோய் எதிர்ப்புக்குப் பலன் தருகிறது என்று அவர்கள் 2011இல் எழுதினார்கள். அந்தத் திட்டத்தில் பிறந்த சன்விவா என்ற மஞ்சள் தக்காளி 2017இல் பொது உரிமத்தோடு வெளிவந்தது: யாரும் பயிரிடலாம், விற்கலாம், மேலும் வளர்க்கலாம், தனக்கே சொந்தம் என்று காப்புரிமை மட்டும் கோரக் கூடாது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே விவசாயிக்கு விதையைச் சேமிக்கவும் பரிமாறவும், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும், தான் உருவாக்கிய ரகத்தைப் பதிவு செய்யவும் உரிமை தருகிறது. சட்டம் தடையாக இல்லை.

தக்காளியின் இயல்பும் தடையாக இல்லை. அது தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். ஒரு நல்ல பழத்தைப் பிழிந்து, கூழோடு ஒரு நாளோ இரண்டு நாளோ புளிக்கவிட்டு அலசிக் காயவைத்தால் நூற்றுக்கணக்கான செடிக்கு விதை. பையூர் 1 அல்லது பி.கே.எம். 1 போன்ற கூழ் நிறைந்த பச்சைத் தோள் பழத்தையும், சங்கராந்தி, நந்தி, வைபவ் போன்ற இலைச்சுருட்டைத் தாங்கும் செடியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையைத் தளியிலும் சூளகிரியிலும் தொழுவுரமிட்ட, மருந்து தெளிக்காத நிலங்களில் விடலாம். வெயில் பருவத்தில் வெள்ளை ஈ ஒரு பக்கம் கழிக்கும். ஈரப் பருவத்தில் கருகல் மறுபக்கம் கழிக்கும். மிஞ்சிய செடிகளில் இனிப்பை அளக்கக் கையடக்க ஒளிவிலகல்மானி போதும். புளிப்பையும் மணத்தையும் அளக்கச் சமைக்கிறவர்களின் நாக்கு வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பயிர் என்றால் ஆறேழு தலைமுறையில், அதாவது நாலு ஆண்டுக்குள், ரகம் நிலைப்படும். வலைக்குடில் கட்டினால் இதெல்லாம் தேவைப்படாதே என்று சிலர் சொல்லலாம். ஓசூர் ரோஜாவுக்கு அது கட்டும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரில் விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமல் தக்காளி வைப்பவருக்கு அந்த முதலீடு கடனாகத்தான் முடியும். பெரும்பாலான தக்காளி வெட்டவெளியில்தான் விளைகிறது. தேர்வும் அங்கேதான் நடக்க வேண்டும்.

ஒரு நியாயமான கவலை மிச்சம் இருக்கிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிரு மரபணுவை நம்பிய எதிர்ப்பு உடையும். விவசாயிகளும் சிறு அமைப்புகளும் அந்த ஓட்டத்தில் பெரிய நிறுவனங்களோடு ஈடுகொடுக்க முடியாது. உண்மைதான். அதனால்தான் பையூர் நிலையத்துக்கு இதில் இடம் வேண்டும்: எதிர்ப்பு மரபணுக்களைத் தேடிச் சேர்ப்பது நிலையத்தின் வேலை, அவற்றை ஏற்ற செடிகளில் சுவையுள்ளதைப் பிரித்தெடுப்பது வயலின் வேலை. ஒட்டு ரகத்தைப் பாவமாக நினைக்க வேண்டியதும் இல்லை; நல்ல பெற்றோர் ரகம் பொதுவில் இருந்தால் அதிலிருந்து ஒட்டு ரகம் செய்பவர் செய்யட்டும். வேண்டியது கேள்வியை மாற்றுவது. இன்றைய இயற்கைச் சான்றிதழ் வயலில் எதைத் தெளித்தீர்கள் என்று கேட்கிறது. அதோடு இந்த விதை எங்கே, எந்த நிலைமையில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் கேட்கத் தொடங்கினால், பெங்களூருக்கு ஏறும் வண்டிகளில் ஒரு பகுதியாவது சுவைக்காகத் தேர்ந்த பழத்தைச் சுமக்கும். கடந்த 50 ஆண்டுகளில் மண்டியும் சாலையும் செய்த தேர்வு தானாக நடந்தது. அடுத்த தேர்வை யாராவது தெரிந்தே செய்ய வேண்டும்; அதற்கு வேண்டிய ரகங்களும் நிலமும் சந்தையும் இந்த ஒரு மாவட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.